மண்டேலா ஏன் அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டார்?

"ஒரே ஒரு மேட்சில் இனவெறியை ஒழித்துக்கட்டிய தலைவர்" என்று தொடங்கும் ஃபார்வர்டு உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் பிடித்த கதை அது. 27 ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா வெளியே வந்தார், எல்லாரையும் மன்னித்தார், வெள்ளையர்களின் ரக்பி அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார், தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையை வென்றது, கறுப்பரும் வெள்ளையரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சுபம்.

இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் உலை வைத்ததையும் சோறு வடித்ததையும் சொல்லிவிட்டு, நடுவில் அரிசி போட்டதைச் சொல்லாமல் விட்ட சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது. இன்னொரு பக்கம், "அதெல்லாம் கேமராவுக்காகப் போட்ட வேஷம், தென்னாப்பிரிக்காவில் என்ன மாறிவிட்டது?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களும் அரிசியைப் பார்க்கவில்லை.

ஒரு தலைவர் விளையாட்டை வைத்துப் பிளவுபட்ட நாட்டைச் சேர்த்தார் என்றால், சரியாக எதை எதோடு சேர்த்தார்? அதைப் படிப்படியாகப் பார்ப்போம். ரக்பி தெரிந்திருக்க வேண்டியதில்லை. முட்டை வடிவப் பந்து, அணிக்கு 15 பேர், 80 நிமிட ஆட்டம், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டே பந்தை எதிரணிக் கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இது போதும். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு இன்றைக்கும் இதற்கு மேல் முழுதாகப் புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஒரே மைதானம், ஒரே எதிரணி

இரண்டு போட்டிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் பிடிபடும்.

முதல் போட்டி 1992 ஆகஸ்ட் 15 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நடந்தது. பல ஆண்டு விலக்கலுக்குப் பிறகு தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்தோடு மோதியது. மண்டேலா விடுதலையாகி இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் போட்டிக்குச் சம்மதித்தபோது சில நிபந்தனைகள் வைத்தது: பழைய ஆட்சியின் தேசிய கீதத்தைப் பாடக் கூடாது, பழைய கொடியைத் தூக்கக் கூடாது, வன்முறையில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும். இரண்டே மாதம் முன்புதான் போய்ப்படோங் என்ற கறுப்பினக் குடியிருப்பில் 40க்கும் மேற்பட்டவர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

என்ன நடந்தது? வெள்ளையர் கூட்டம் பழைய கொடிகளை அசைத்தது. மௌன நேரத்தில் பழைய கீதத்தை உரக்கப் பாடியது. இறந்தவர்களுக்கான ஒரு நிமிடம்கூட அந்த மைதானத்தில் கிடைக்கவில்லை.

இரண்டாம் போட்டி 1995 ஜூன் 24 அன்று அதே எல்லிஸ் பார்க்கில், அதே நியூசிலாந்துக்கு எதிராக நடந்தது. உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கூட்டமும் ஏறத்தாழ அதே வெள்ளையர் கூட்டம்தான். இந்த முறை அவர்கள் எழுந்து நின்று "நெல்சன்! நெல்சன்!" என்று கத்தினார்கள்.

மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. விளையாட்டு மாறவில்லை, விதிகளும் மாறவில்லை. அப்படியென்றால் விளையாட்டுக்குத் தானாக ஒற்றுமையை உண்டாக்கும் சக்தி எதுவும் கிடையாது. 1992இல் அதே ஆட்டம் பிரித்தது, 1995இல் சேர்த்தது. நடுவில் நடந்ததுதான் நமக்கு முக்கியம்.

ரக்பி யாருடைய சொத்து?

முதலில் ஒரு சொல். 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் 'அபார்த்தைட்'. தமிழில் நிறவெறி ஆட்சி என்கிறோம். வெறி என்ற சொல் ஏதோ கோபத்தில் செய்த காரியம் போலத் தோன்றவைக்கிறது. உண்மையில் அது நிதானமாக, பதிவேடு போட்டு நடத்திய நிர்வாகம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் இன முத்திரை குத்தியது. எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, எந்த பெஞ்சில் உட்காருவது, யாரைக் கல்யாணம் செய்வது எல்லாம் அந்த முத்திரையைப் பொறுத்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் பேரன் பேத்திகளுக்கும் 'இந்தியர்' என்ற முத்திரை விழுந்தது. டர்பனில் அவர்களும் வீடுகளிலிருந்து பெயர்த்து எறியப்பட்டார்கள்.

இந்த நிர்வாகத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் ஆப்பிரிக்கானர்கள். டச்சுக் குடியேறிகளின் வழிவந்த, ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசும் வெள்ளையர்கள். அவர்களுக்கு ரக்பி கிட்டத்தட்ட சாமி கும்பிடுவது மாதிரி. தேசிய அணியின் பெயர் ஸ்பிரிங்பாக். அது அந்த ஊர்ச் சிறுமான் ஒன்றின் பெயர். பச்சையும் பொன்னிறமும் கலந்த சட்டையில் அந்த மான் படம் இருக்கும். அந்தச் சட்டையை வெள்ளையர் அல்லாத ஒருவர் முதன்முதலில் போட்டது 1981இல்தான்.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "கறுப்பர்களுக்குக் கால்பந்து, வெள்ளையர்களுக்கு ரக்பி" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் என்றாலும், கிழக்கு கேப் பகுதியில் மிஷன் பள்ளிகள் வழியாக 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கறுப்பின மக்கள் ரக்பி ஆடிவந்தார்கள். தங்களுக்கென்று சங்கங்களும் கோப்பைகளும் வைத்திருந்தார்கள். ஆட்டம் அவர்களுக்கு அந்நியம் இல்லை. தேசிய அணியின் கதவுதான் சாத்தியிருந்தது.

மைதானத்தில் அவர்களுக்கென்று தனியாக ஓர் ஓரம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே நின்றபடி, ஸ்பிரிங்பாக் அணியோடு மோத எந்த நாடு வந்தாலும் அந்த நாட்டுக்குக் கைதட்டுவார்கள். தன் நாட்டு அணி தோற்க வேண்டும் என்று பிரார்த்திப்பவர்கள் நாட்டின் பெரும்பான்மை என்றால் அந்த அணியை எப்படித் தேசிய அணி என்று சொல்வது?

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்பிரிங்பாக் என்பது வெறும் அணி இல்லை, ஒரு சின்னம். சின்னம் என்றால் தன்னளவில் ஒரு துண்டுத் துணியாக இருக்கும் பொருள், ஒரு கூட்டம் தன்னையே அதில் பார்ப்பதால் கனம் பெறுவது. வெள்ளையர் அதில் தங்கள் பெருமையைப் பார்த்தார்கள். கறுப்பர் தங்கள் முதுகில் விழுந்த அடியைப் பார்த்தார்கள்.

பூட்டு

சின்னத்துக்குக் கனம் இருப்பதால்தான் அதைப் பறிக்கவும் முடிந்தது. விளையாட்டுப் புறக்கணிப்பு என்பது அதுதான்: ஒரு நாட்டோடு யாரும் விளையாடாமல் இருப்பது. ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் அவர்கள் வயலில் நெல் விளையாமல் போகாது. ஆனால் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தி காலியாகக் கிடக்கும். அந்தக் காலிப் பந்தி எப்படி உறுத்துமோ அப்படி உறுத்தத்தான் இந்த ஏற்பாடு.

ஒலிம்பிக் 1964இலேயே கதவைச் சாத்திவிட்டது. 1970இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவிலிருந்து முழுவதுமாக நீக்கினார்கள். கேப் டவுனில் பிறந்து இங்கிலாந்து அணிக்கு ஆடிய பேசில் டி'ஒலிவேரா என்ற கலப்பினக் கிரிக்கெட் வீரரை உள்ளே விடமாட்டோம் என்று 1968இல் தென்னாப்பிரிக்கப் பிரதமர் அடம்பிடித்தார். சுற்றுப்பயணமே ரத்தானது. கொஞ்ச நாளில் டெஸ்ட் கிரிக்கெட்டும் நின்றது. சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்க வேண்டிய ஒரு சம்பவமும் உண்டு. 1974 டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா வந்திருந்தது. அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த நேரம். எதிரே தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆடவில்லை, கோப்பை ஆடாமலே எதிரணிக்குப் போனது. கையில் இருந்த வாய்ப்பை இழந்த அந்தச் சகோதரர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கலாம் நாம்.

ரக்பி மட்டும் பிடிவாதமாக ஆட்டத்தைத் தொடர்ந்தது, குறிப்பாக நியூசிலாந்து. 1960இல் தன் அணியிலிருந்த மாவோரிப் பழங்குடி வீரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு தென்னாப்பிரிக்கா போனது. 1970இல் மாவோரிகள் 'கௌரவ வெள்ளையர்' என்ற பட்டத்தோடு உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். நான் கற்பனை செய்யவில்லை, அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். 1981இல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்துக்கு வந்தபோது அந்த நாடே இரண்டாகப் பிளந்தது. ஹாமில்டனில் போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆக்லாந்தில் ஆட்டத்தின் மேல் ஒரு குட்டி விமானம் மாவு மூட்டைகளைப் போட்டது. டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளி சாம் ராம்சாமி போன்றவர்கள் வெளிநாட்டில் இருந்தபடி இந்தப் புறக்கணிப்பை ஆண்டுக்கணக்கில் ஒருங்கிணைத்தார்கள்.

பூட்டு போட்டவனிடம்தான் சாவி இருக்கும். மண்டேலா வெளியே வந்தபோது, "தென்னாப்பிரிக்காவோடு இனி விளையாடலாம்" என்று உலகத்துக்குச் சொல்லும் தகுதி வெள்ளையர் அரசிடம் இல்லை, அவர் கட்சியிடம் இருந்தது. ரக்பி வெறியர்களான வெள்ளையர்களுக்கு அவரிடம் கேட்க வேண்டிய ஒன்று முதன்முறையாக உண்டானது. "எல்லாரையும் மன்னித்தார்" கதையில் இந்தச் சாவி காணாமல் போய்விடுகிறது.

தேர் வடம்

இனி ஒரு கேள்வி. தேர்தலில் வெல்லப்போவது உறுதி என்றால், தோற்கப்போகிறவர்களின் ரக்பி ஆசையைப் பற்றி மண்டேலா ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்த் திருவிழாவில் ஒரு தெருவுக்கு மட்டும் வடம் தொட உரிமை இல்லை. பல தலைமுறையாக அவர்கள் தூர நின்றே பார்த்தார்கள். காலம் மாறுகிறது, அந்தத் தெருக்காரர் ஒருவர் தலைவராகிறார். அவர் முன்னால் இரண்டு வழி. "எங்களை அவமானப்படுத்திய தேர் இது, இனி ஓடாது" என்று சொல்லலாம். அதற்கு முழு நியாயம் இருக்கிறது. அல்லது, "தேர் ஓடட்டும், இந்த வருஷம் முதல் வடம் எங்கள் கையில்" என்று சொல்லலாம். முதல் வழியில் எதிர்த்தரப்புக்கு இழப்பு மட்டும்தான். இரண்டாவதில் தேர் மிஞ்சுகிறது, ஆனால் அது இனி அவர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. எதிர்த்தரப்பு கையில் அரிவாளும் ஊர்ப்பணமும் இருந்தால் எந்த வழி பாதுகாப்பானது?

தென்னாப்பிரிக்காவில் அன்று வெள்ளையர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஆனால் ராணுவத் தலைமை, காவல் துறை, அரசு அலுவலகம், சுரங்கம், வங்கி, பெரிய பண்ணைகள் எல்லாம் அவர்கள் கையில். 1990 முதல் 1994 வரை அரசியல் வன்முறையில் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தார்கள். 1993 ஏப்ரலில் இளைஞர்கள் உயிராக நேசித்த கறுப்பினத் தலைவர் கிறிஸ் ஹானியை ஒரு வெள்ளையர் சுட்டுக் கொன்றார். நாடு எரியும் நிலை. மண்டேலா தொலைக்காட்சியில் வந்து, கொன்றவனைப் பிடிக்க உதவியதும் ஒரு வெள்ளை ஆப்பிரிக்கானர் பெண்தான், அவர்தான் வண்டி எண்ணைக் குறித்துக் கொடுத்தார் என்று சொன்னார். அதே ஆண்டு, ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி கான்ஸ்டண்ட் ஃபில்யூன் ஆயுதமேந்திய வெள்ளையர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். மண்டேலா அவரை அழைத்து, தேநீர் கொடுத்து, ஆப்பிரிக்கான்ஸில் பேசினார். பேச்சு மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் தளபதி துப்பாக்கியை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார்.

இதோடு கூடவே ஒரு பேரமும் நடந்தது. வெள்ளை அரசு ஊழியர்களின் வேலையும் ஓய்வூதியமும் உடனே பறிபோகாது, முதல் ஐந்தாண்டு எல்லாப் பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆளும் என்று ஒப்புக்கொண்டார்கள். 1994 ஏப்ரல் 27 தேர்தலில் மண்டேலாவின் கட்சி 400 இடங்களில் 252ஐ வென்றது. முன்னாள் அதிபர் டி கிளார்க் துணை அதிபராக அமர்ந்தார். தேசிய கீதம் என்று பழையது ஒன்று, போராட்டக் காலத்தின் 'ங்கோசி சிகெலெல் இயாஃப்ரிகா' ஒன்று, இரண்டும் இருந்தன.

இதுதான் நான் முதலில் சொன்ன அரிசி. ரக்பி வருவதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் காகித ஒப்பந்தத்தை மூளை நம்பும், வயிறு நம்பாது. "நாளைக்கு எங்களைத் துரத்திவிடுவார்களா?" என்ற வயிற்றுக் கலக்கம் லட்சக்கணக்கான வெள்ளையர் வீடுகளில் இருந்தது. அதற்கு மருந்தாகத்தான் மண்டேலா ரக்பியைக் கையில் எடுத்தார்.

வீடு தேடி வந்து வைத்த பத்திரிகை

பேச்சுவார்த்தை முறிந்துபோன பங்காளி வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பலாம். அதற்குத் தபால் தலைதான் செலவு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைத்தால் செலவு வேறு: தெருவே பார்க்கும், சொந்த அண்ணன் தம்பிகள் "அவன் வாசலுக்குப் போனியாடா?" என்று கேட்பார்கள். அந்தச் செலவைப் பார்த்துத்தான் எதிர்வீடு நம்பும். செய்பவருக்கு நஷ்டம் தரக்கூடிய, அதனாலேயே நம்பத்தக்கதாக ஆகும் செயலை 'விலையுள்ள சைகை' என்று சொல்லலாம். கட்டுரையின் மையச் சொல் இதுதான்.

மண்டேலா இந்தப் பாடத்தைச் சிறையில் கற்றார். காவலர்கள் ஆப்பிரிக்கானர்கள் என்பதால் அவர்கள் மொழியைப் படித்தார். அது ஒடுக்குபவனின் மொழி என்று முகம் சுளித்த தோழர்கள் இருந்தார்கள். காவலர்கள் ரக்பி பேசினார்கள் என்பதால் ரக்பி செய்திகளையும் படித்தார். போல்ஸ்மூர் சிறையில் ரக்பி பைத்தியமான ஓர் அதிகாரியிடம் ரக்பி பேசியே, ஆறிப்போன சாப்பாட்டைச் சூடாக்க ஒரு மின்சார அடுப்பு வாங்கிக்கொண்டார் என்பது பலரும் சொல்லும் கதை.

அதிபரானதும் 1994 ஜூனில் அணித் தலைவர் பிரான்சுவா பியனாரைத் தன் அலுவலகத்துக்குத் தேநீருக்கு அழைத்தார். அப்புறம் சின்னத்தைப் பற்றிய சண்டை வந்தது. மான் படம் நிறவெறியின் அடையாளம், அதைத் தூக்கிவிட்டு புரோட்டியா பூவைப் போடுங்கள் என்று விளையாட்டுத் துறையில் இருந்த சொந்தக் கட்சிக்காரர்களே கேட்டார்கள். மற்ற விளையாட்டுகளில் அந்தப் பூ வந்தும் விட்டது. ரக்பியில் மான் இருக்கட்டும் என்று மண்டேலா வாதாடினார்.

எனக்கு இறுதிப் போட்டியைவிட முக்கியமாகப் படுவது 1995 ஜூன் 16. 1976இல் அதே நாளில், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படிக்க மாட்டோம் என்று ஊர்வலம் போன, சொவேட்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பின் மாணவர்கள் சுடப்பட்டார்கள். நாடே துக்கம் அனுசரிக்கும் நாள். அன்று குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் எஸகேனியில் கறுப்பின மக்கள் கூட்டத்தில் மண்டேலா பச்சை ஸ்பிரிங்பாக் தொப்பியோடு மேடையேறினார். நாளைக்கு பிரான்சோடு ஆடப்போகும் நம் பையன்களுக்காக இதைப் போட்டிருக்கிறேன் என்றார். கூட்டம் கூச்சல் போட்டது, அவரையே. அவர் தொப்பியைக் கழற்றவில்லை.

விலை என்றால் இதுதான். வெள்ளையர் மைதானத்தில் கைதட்டு வாங்குவதற்கு முன், தன் மக்களிடம் ஏச்சு வாங்கினார். அந்த விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை, அந்தக் கூட்டமும் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடி வாங்கியவர்களைப் பார்த்து "நீங்களே முதலில் கைகுலுக்குங்கள்" என்று கேட்பது எளிதில் நியாயப்படுத்தக்கூடியது இல்லை.

சைகை ஒரு பக்கமாகவே நின்றிருந்தால் செத்திருக்கும். மறுபக்கத்திலிருந்தும் கொஞ்சம் வந்தது. ஆப்பிரிக்கானர்களே அதிகம் இருந்த அணி உட்கார்ந்து ங்கோசி சிகெலெலைப் பாடம் செய்தது. நாக்கில் ஏறாத சொற்கள் அவை. வீரர்கள் ராபன் தீவுக்குப் போய் மண்டேலா 18 ஆண்டு அடைபட்டிருந்த சிறையைப் பார்த்தார்கள். 'ஒரே அணி, ஒரே நாடு' என்ற முழக்கமும் இருந்தது, ஆனால் முழக்கத்துக்குத் தபால் தலை விலைதான்.

கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். புறக்கணிப்பு பூட்டாக இருந்தது. ஒப்பந்தம் அஸ்திவாரம். மான் சின்னத்தை விட்டுவைத்தது, பயந்தவர்களுக்குக் கொடுத்த பிணை. மீதி 80 நிமிட ஆட்டம்.

ஆட்டம்

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. டர்பனில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதி அன்று மழை கொட்டியது. ஆட்டம் ரத்தானால் பிரான்ஸ்தான் இறுதிக்குப் போகும், ஏனென்றால் முந்தைய ஆட்டம் ஒன்றில் தென்னாப்பிரிக்க வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டிருந்தார். தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளப் பெண் ஊழியர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் வீரர் ஒருவர் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் விழுந்தார். 19-15 என்று தப்பித்தது தென்னாப்பிரிக்கா. அந்தத் துடைப்பங்கள் இல்லையென்றால் எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சும் இல்லை.

ஜூன் 24. மைதானத்துக்கு மேலே தலையை உரசுகிற உயரத்தில் ஒரு ஜம்போ ஜெட் பறந்தது, இறக்கையின் அடியில் அணிக்கு வாழ்த்து எழுதியிருந்தது. மண்டேலா பச்சைச் சட்டையும் தொப்பியுமாக வெளியே வந்தார். முதுகில் எண் 6, பியனாரின் எண். ஒரு கணம் நிசப்தம், பிறகு அந்த "நெல்சன்!". சுரங்கத்துக்குக் கூலி வேலைக்குப் போன கறுப்பினத் தொழிலாளர்களின் பாட்டான 'ஷோஷோலோசா'வை வெள்ளையர் கூட்டம் பாடியது. பியனாரால் தேசிய கீதம் பாட முடியவில்லை, அழுதுவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதாகப் பின்னால் சொன்னார்.

எதிரே நியூசிலாந்தின் ஜோனா லோமு. அரையிறுதியில் இங்கிலாந்து வீரர்களை மிதித்துக்கொண்டு ஓடி நான்கு முறை கோட்டைக் கடந்தவர். அவரை அன்று ஒரு முறைகூடக் கடக்க விடவில்லை. 80 நிமிடத்தில் 9-9. கூடுதல் நேரத்தில் 12-12. அப்போது தென்னாப்பிரிக்காவின் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி பந்தைக் கீழே போட்டு, அது தரையில் பட்டு எழும்போதே கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். மூன்று புள்ளி. 15-12.

இங்கே விளையாட்டு செய்ததை வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்பது என் கருத்து. முகம் பார்த்திராத 4 கோடிப் பேர் தங்களை ஒரே மக்கள் என்று நம்புவது சாதாரண விஷயம் இல்லை. பாராளுமன்ற உரை அதை அறிவுக்குச் சொல்லும். ஆனால் பந்து காற்றில் இருக்கும்போது சொவேட்டோவில் ஒரு கறுப்பினக் குடும்பமும் பிரிட்டோரியாவில் ஒரு ஆப்பிரிக்கானர் குடும்பமும் ஒரே விநாடியில் மூச்சைப் பிடித்தார்கள். ஒரே பந்துக்கு ஒரே மாதிரி பயந்தார்கள். அந்த நாட்டில் அதுவரை ஒருவர் பயந்தால் இன்னொருவர் நிம்மதியாக இருந்தார். 63,000 பேரின் ஆதரவு எப்படி இருந்தது என்று கேட்டபோது, "எங்களுக்கு இருந்தது 4.3 கோடிப் பேரின் ஆதரவு" என்றார் பியனார். கறுப்பின வாசகர்களின் நாளிதழான சோவெட்டன் அணிக்கு 'அமபோகோபோகோ' என்று செல்லப்பெயர் வைத்தது. பெயர் வைத்தால் வீட்டுப் பிள்ளை.

எட்டு மாதத்துக்குள் இதன் மறுபாதியும் நடந்தது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1996 பிப்ரவரியில் பெரும்பாலும் கறுப்பின வீரர்கள் கொண்ட கால்பந்து அணி துனீசியாவை 2-0 என்று வென்று ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தது. கோப்பையை வாங்கிய அணித் தலைவர் நீல் டோவி, வெள்ளையர். மண்டேலா அன்றைக்குக் கால்பந்துச் சட்டையில் இருந்தார்.

எது நடக்கவில்லை

1995 அணியில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். உலகக் கோப்பை விளம்பரங்களில் எல்லாம் அவர் முகம்தான். அணிக்குள்ளேயே இனப் பேச்சுகளைக் கேட்க நேர்ந்ததாகப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் சொன்னார்.

1997இல் ரக்பி நிர்வாகத்தில் இனப்பாகுபாடு இருக்கிறதா என்று விசாரிக்க மண்டேலா குழு அமைத்தார். ரக்பி சங்கத் தலைவர் லூயிஸ் லைட் வழக்குப் போட்டார். 1998இல் நாட்டின் அதிபர் நீதிமன்றக் கூண்டில் நின்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. கோப்பை வென்ற மூன்றாம் ஆண்டு அது. உயர் நீதிமன்றம் மண்டேலாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, மறு ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றியது.

நிலமும் பணமும் அப்படியே கிடந்தன. உலக வங்கிக் கணக்கில் இன்றும் ஏற்றத்தாழ்வு மிக மிக அதிகமுள்ள நாடு தென்னாப்பிரிக்கா. சைகை பயத்தைக் குறைக்கும், அந்த இடைவெளியில் வேலை நடக்க நேரம் வாங்கிக் கொடுக்கும். வாங்கிய நேரத்தில் என்ன செய்தார்கள் என்பது வேறு கணக்கு, அதை மண்டேலாவின் சட்டையிடம் கேட்டுப் பயனில்லை.

ரக்பிக்குள் மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு இப்படிப் போனது. 2007இல் மீண்டும் கோப்பை வென்றபோது இறுதியில் ஆடிய 15 பேரில் வெள்ளையர் அல்லாதவர் இருவர். அந்தப் போட்டியை போர்ட் எலிசபெத் அருகே ஸ்வீடே என்ற கறுப்பினக் குடியிருப்பில், வீட்டில் டிவி இல்லாததால் ஒரு மதுக்கடையில் நின்று பார்த்தான் ஒரு பையன். அங்கே ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் என்ற உள்ளூர் சங்கத்தில் ஆட்டம் பழகியவன். நான் முன்பு சொன்ன அந்தக் கிழக்கு கேப் மரபு. 12 வயதில் ஒரு பணக்காரப் பள்ளி உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. பெயர் சியா கொலிசி. 1991 ஜூன் 16 அன்று பிறந்தவன். எல்லாருக்கும் இன முத்திரை குத்திய அந்த மக்கள் பதிவுச் சட்டம் ரத்தானது மறுநாள்.

2018இல் அவர் ஸ்பிரிங்பாக் அணியின் முதல் கறுப்பின டெஸ்ட் தலைவரானார். 2019 நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். சட்டையில் மான் அப்படியே இருந்தது. முதுகில் எண் 6.